ரைடிங் புல்வெட்டி பேக்ஃபயர் அடிக்கிறதா? சத்தம் வரும் இடத்தையும் நேரத்தையும் வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

சிலிண்டருக்குள் எரிந்து முடிய வேண்டிய பெட்ரோல், வெளியே வந்து எரிந்தால் கேட்கும் சத்தம்தான் பேக்ஃபயர். அது எந்தப் பக்கம் வந்து எரிகிறது என்பதைப் பொறுத்துப் பழுது மாறும். கார்புரேட்டர் பக்கம் திரும்பி வந்தால் ‘டப்’ என்று அடைத்த குரலில் ஒரு சத்தம் கேட்கும். ஏர் ஃபில்டர் மூடி அதிரும், ஃபில்டர் தாளில் கரி படிந்திருக்கும். சைலன்சர் பக்கம் போய் எரிந்தால் ‘டமார்’ என்று பட்டாசு வெடித்த மாதிரி இருக்கும். சில நேரம் தீ நாக்கும் எட்டிப் பார்க்கும்.

கார்புரேட்டர் பக்கம் வெடித்தால் சந்தேகம் மூன்று: பெட்ரோல் போதவில்லை, பொறி விழும் நேரம் (டைமிங்) பிசகிவிட்டது, அல்லது இன்டேக் வால்வு சரியாக மூடவில்லை. சைலன்சரில் வெடித்தால் எரியாத பெட்ரோல் அங்கே போய்ச் சேர்கிறது என்று பொருள். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. இதைப் பிரிக்காமல் எடுத்த எடுப்பிலேயே கார்புரேட்டரைக் கழற்றுவதால்தான் பாதிப் பேருக்கு ஒரு நாள் வேலை வீணாகிறது. ஸ்பேனரைத் தொடும் முன் இரண்டே கேள்வி: எங்கே வெடிக்கிறது, எப்போது வெடிக்கிறது?

கை வைக்கும் முன் சில கட்டாயங்கள். வண்டியைத் திறந்த வெளியில், காய்ந்த புல் இல்லாத சமதளத்தில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, பிளேடு கிளட்சை அணைத்துவிடுங்கள். இன்ஜினைக் கையால் சுற்றும் எந்த வேலைக்கும் முன்னால் சாவியை உருவி, பிளக் கம்பிகளைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். இரட்டை சிலிண்டர் என்றால் இரண்டையும். மின் இணைப்புகளைக் கழற்றும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிடுங்கள். சைலன்சர் வெடிப்பில் அதன் தையல் பிளந்திருக்கலாம், உள்ளே இருக்கும் தடுப்புத் தகடு உடைந்திருக்கலாம். ஓடும் இன்ஜினில் அதன் வாய்க்கு நேராக முகத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

சாவியை அணைத்ததும் சைலன்சரில் ஒரே ஒரு வெடி

இதுதான் அதிகம் வரும் புகார், பெரும்பாலும் எளிதில் தீரும் புகாரும்கூட. முழு வேகத்தில் இந்த இன்ஜின்கள் நிமிடத்துக்கு 3,300 முதல் 3,600 சுற்று வரை ஓடும். சாவியை அணைத்தால் பிளக்கில் பொறி நின்றுவிடும். ஆனால் கனத்த ஃப்ளைவீல் இன்னும் சில விநாடி சுற்றும். அத்தனை சுற்றிலும் பிஸ்டன் பெட்ரோலை உறிஞ்சி, எரிக்காமல் அப்படியே சைலன்சருக்குத் தள்ளும். சைலன்சர் கொதித்துக்கொண்டிருக்கிறது, காற்றும் கலந்ததும் ஒரே வெடி.

முதலில் நிறுத்தும் முறையைப் பாருங்கள். பிளேடை அணைத்த பிறகு அரை நிமிடமோ ஒரு நிமிடமோ பளு இல்லாமல் ஓடவிட்டால் சைலன்சர் சூடு கொஞ்சம் இறங்கும். அதன்பின் செய்ய வேண்டியது கார்புரேட்டரைப் பொறுத்தது. பெட்ரோலை அடைக்கும் சோலனாய்டு இல்லாத பழைய வண்டி என்றால் த்ராட்டிலை மெதுவாக இறக்கி, ஐடிலில் 15–30 விநாடி விட்டு அணையுங்கள். சோலனாய்டு உள்ள வண்டிகளில் பல கையேடுகள் இதற்கு நேர் எதிராகச் சொல்கின்றன: த்ராட்டில் பாதிக்கும் முழு வேகத்துக்கும் இடையில் இருக்கும்போதே சாவியை அணை என்று. அச்சுப் பிழை என்று நினைத்து ஒதுக்க வேண்டாம். த்ராட்டில் மூடியிருந்தால் அதன் பின்னால் ஏற்படும் வலுவான உறிஞ்சல், மிச்சப் பெட்ரோலை ஐடில் துளை வழியாக இழுத்துக்கொண்டே இருக்கும். திறந்திருந்தால், பெட்ரோல் வரும் முக்கியத் துளையான மெயின் ஜெட்டை சோலனாய்டு அடைத்துவிட, உள்ளே போவது பெரும்பாலும் வெறும் காற்றுதான். உங்கள் வண்டியின் கையேடு எதைச் சொல்கிறதோ அதையே செய்யுங்கள்.

முறையாக நிறுத்தியும் வெடித்தால் சோலனாய்டு மேல் சந்தேகம். கார்புரேட்டரின் கிண்ணத்துக்கு அடியில் ஒன்று அல்லது இரண்டு கம்பியோடு உருளையாக இருப்பது அதுதான். மின்சாரம் வந்தால் உள்ளிருக்கும் ஊசி பின்வாங்கி ஜெட்டைத் திறக்கும். நின்றால் ஸ்பிரிங் ஊசியைத் தள்ளி அடைக்கும்.

1. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ‘ரன்’ நிலைக்குத் திருப்புங்கள். சோலனாய்டில் விரல் வைத்தால் ‘டிக்’ என்று தட்டுவது தெரிய வேண்டும். அணைத்தாலும் ஒரு ‘டிக்’.
2. தட்டவில்லையா? கம்பியைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள். சாவி ஆனில் பேட்டரி வோல்டேஜ் வந்தால் சோலனாய்டு பழுது. அல்லது அதன் எர்த் சரியில்லை. வோல்டேஜே வராவிட்டால் ஃபியூஸ், சாவி ஸ்விட்ச், கனெக்டரில் பச்சை பூத்திருப்பது ஆகியவற்றைப் பாருங்கள்.
3. சாவியை அணைத்த பிறகும் அந்தக் கம்பியில் வோல்டேஜ் நிற்கிறது என்றால் சோலனாய்டு நிரபராதி. சாவி ஸ்விட்ச்சை மாற்றுங்கள்.
4. தட்டுகிறது, ஆனாலும் வெடிக்கிறது என்றால் கழற்றித்தான் பார்க்க வேண்டும். பெட்ரோல் குழாயை இடுக்கி அடைத்து, கிண்ணத்துக்கு அடியில் ஒரு பாத்திரம் வையுங்கள். பல கார்புரேட்டர்களில் கிண்ணத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டே சோலனாய்டுதான், கழற்றியதும் பெட்ரோல் கொட்டும். சிந்திய இடத்திலிருந்து விலகிப் போய், முனையில் பேட்டரி பாசிட்டிவ், உடம்பில் நெகட்டிவ் கொடுத்துப் பாருங்கள். ஊசி சட்டென்று உள்ளே போய், கம்பியை எடுத்ததும் சட்டென்று வெளியே வர வேண்டும். மந்தமாக நகர்ந்தால் பழைய பெட்ரோல் பிசின் ஒட்டியிருக்கிறது. கார்ப் கிளீனரால் கழுவலாம். நுனி தேய்ந்தோ குழி விழுந்தோ இருந்தால் அது அடைக்காது, மாற்ற வேண்டியதுதான்.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்பதற்காக சோலனாய்டின் ஊசி நுனியை வெட்டிவிட்டுப் பொருத்தும் குறுக்கு வழி ஒன்று உலவுகிறது. வண்டி ஓடும், உண்மைதான். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் வெடிக்கும். பழைய வண்டி வாங்கியவர்கள் இதையும் ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

சாவியை அணைத்தும் சில விநாடி ஓடி, டப் டப் என்று வெடித்து நிற்கிறது

பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயிலை எர்த் செய்து பொறியை நிறுத்தும் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது சாவி ஸ்விட்ச் அதை எர்த்தோடு சேர்க்கவில்லை. இங்கே இன்ஜினை நிறுத்துவது சோலனாய்டு மட்டும்தான். கிண்ணத்துக்கு மேலே இருக்கும் கொஞ்சப் பெட்ரோல் தீரும்வரை திணறிக்கொண்டே வெடிக்கும். இன்ஜின் நின்ற நிலையில், சாவி ஆஃபில், காயிலிலிருந்து வரும் அந்தக் கம்பியின் கனெக்டரைப் பிரித்து, வண்டிப் பக்க முனைக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். தொடர்ச்சி காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டே சாவி ஸ்விட்ச் வரை போங்கள். இது சத்தப் பிரச்சினை மட்டுமல்ல. இருக்கையிலிருந்து எழுந்தால் இன்ஜினை நிறுத்தும் பாதுகாப்பும் பெரும்பாலும் இதே கம்பியை நம்பித்தான் இருக்கிறது.

மேடு பள்ளத்தில் குலுங்கும்போதும், ரிவர்ஸ் போடும்போதும், சீட்டிலிருந்து எழும்போதும்

பிளேடு சுற்றிக்கொண்டிருக்க நீங்கள் எழுந்தாலோ, ரிவர்ஸ் போட்டாலோ, பாதுகாப்பு ஸ்விட்ச் பொறியை வெட்டிவிடும். முழு வேகத்தில் ஓடும் இன்ஜினைச் சாவி போட்டு அணைத்ததற்குச் சமம் அது. சைலன்சரில் ஒரு வெடி வருவது இயல்பு. பழுது தேடி அலைய வேண்டாம். ரிவர்ஸ் போடும் முன் பிளேடை அணைத்தால் சத்தம் போய்விடும்.

ஆனால் உட்கார்ந்து ஒழுங்காக ஓட்டும்போதே, குலுங்கும் இடத்தில் இன்ஜின் கண்ணிமைக்கும் நேரம் செத்து, உடனே வெடியோடு உயிர் பெறுகிறது என்றால் அது நிச்சயம் மின் பழுதுதான். பெட்ரோல் குறைபாட்டில் இன்ஜின் தடுமாறித் தடுமாறி விழும். பொறி போய் வருவது மட்டுமே கத்தியால் நறுக்கியதுபோல் நின்று வெடியோடு திரும்பும். இந்த வித்தியாசத்தைக் காது ஒருமுறை பிடித்துக்கொண்டால் பல மணி நேர வேலை மிச்சம்.

தேட வேண்டிய இடங்கள்: சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்விட்ச்சும் அதன் பிளக்கும், பிரேக் பெடல் ஸ்விட்ச், பிளேடு ஸ்விட்ச், ரிவர்ஸ் ஸ்விட்ச், மேலும் ஃப்ளைவீல் உறைக்கு அடியில் காயிலிலிருந்து வெளியே வரும் கம்பி. கடைசியாகச் சொன்னதைப் பலரும் பார்ப்பதே இல்லை. அது உலோக விளிம்பில் உரசி உறை தேய்ந்து, அதிரும்போதெல்லாம் எர்த் ஆகிக்கொண்டிருக்கும். எலி கடித்த கம்பியும் இதையேதான் செய்யும்.

பழுது வண்டியின் ஒயரிங்கிலா காயிலிலா என்று பிரிக்க, பிளேடை அணைத்து, வண்டியை நிறுத்தி வைத்த நிலையில், காயிலின் எர்த் கம்பியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். இப்போது சாவியால் இன்ஜின் நிற்காமல் போகலாம். சோக்கை முழுதாக மூடியோ, பெட்ரோலை அடைத்தோ நிறுத்தத் தயாராக இருந்துகொண்டுதான் இதைச் செய்ய வேண்டும். வெடிப்பு போய்விட்டால் குற்றவாளி ஒயரிங் அல்லது ஏதோ ஒரு ஸ்விட்ச். ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் வைத்து அழுத்தி, ஆட்டிப் பாருங்கள். கெட்டுப்போன ஸ்விட்ச்சை மாற்றுங்கள். இரண்டு கம்பியை முறுக்கிவிட்டு நிரந்தரமாக ஓட்டினால், கீழே விழுந்த ஆள் மேல் பிளேடு சுற்றிக்கொண்டே ஏறும்.

த்ராட்டிலை ஏற்றும்போது கார்புரேட்டரில் ‘டப்’

பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவை (லீன்) மெதுவாக எரியும். அடுத்த முறை இன்டேக் வால்வு திறக்கும்போதும் உள்ளே தீ மிச்சமிருக்கும். புதிதாக வரும் கலவை அந்தத் தீயைப் பிடித்துக்கொண்டு கார்புரேட்டர் வழியே திரும்புகிறது.

லீன்தானா என்று உறுதி செய்ய ஒரு கருவியும் வேண்டாம். இன்ஜின் சூடான பிறகு, வெடித்துக்கொண்டிருக்கும்போதே சோக்கைக் கால் பங்கு, பிறகு அரைப் பங்கு மூடுங்கள். வெடிப்பு அடங்கி இன்ஜின் சீரானால் லீன். இன்னும் மோசமாகிக் கரும்புகை வந்தால் அடுத்த பகுதிக்குப் போங்கள். எதுவுமே மாறாவிட்டால் பொறியையும் வால்வையும் பாருங்கள். பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதும் உதவும்: பீங்கான் வெளுத்து வெள்ளையாக இருந்தால் லீன், கரி அப்பியிருந்தால் ரிச், அதாவது பெட்ரோல் மிகுந்த கலவை.

லீன் என்று தெரிந்ததும் பெட்ரோலிலிருந்து தொடங்குங்கள். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சத்தைக் கண்ணாடி ஜாடியில் எடுத்து ஐந்து நிமிடம் வைத்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தேங்கும். ஒரு மாதத்துக்கு மேல் கிடந்த பெட்ரோலை நம்பாதீர்கள். எத்தனால் கலந்தது ஈரத்தை உறிஞ்சும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து கீழே இறங்கிவிடும். இந்த இன்ஜின்களுக்கு 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் கூடாது என்றே தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். சந்தேகம் இருந்தால் முழுதும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

அடுத்தது பெட்ரோல் ஓட்டம். கார்புரேட்டரில் சேரும் குழாயைக் கழற்றிப் பாத்திரத்தில் விட்டால் தடையில்லாமல் வர வேண்டும். பம்ப் உள்ள வண்டி என்றால், பிளக் கம்பிகளைக் கழற்றி எர்த் செய்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் விட்டு விட்டு வலுவாகப் பீய்ச்ச வேண்டும். சொட்டினால் ஃபில்டர், டேங்கின் வாயில் அடைத்த குப்பை, உள்ளே உரிந்து மடிந்த ரப்பர் குழாய், அல்லது பம்ப். பம்பை இயக்குவது கிராங்க்கேஸின் காற்றழுத்த ஏற்ற இறக்கம். அங்கிருந்து வரும் சின்னக் குழாயில் வெடிப்பு இருந்தாலும் பம்ப் உழைக்காது. பதினைந்து இருபது நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு வெடிக்கத் தொடங்கினால் டேங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று இழுத்து இன்ஜின் தெளிந்தால் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது.

பெட்ரோல் நன்றாக வருகிறது, ஆனாலும் லீன் என்றால், இரண்டே வாய்ப்பு: கார்புரேட்டருக்குப் பிறகு எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது, அல்லது ஜெட் அடைத்திருக்கிறது. காற்றுக் கசிவை முதலில் பாருங்கள், கழற்றும் வேலை இல்லை. கார்புரேட்டருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையிலுள்ள போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா? இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது கேஸ்கெட் விளிம்பில் கார்ப் கிளீனரை ஒரு கணம் மட்டும் பீய்ச்சுங்கள். சுற்று வேகம் மாறினால் அங்கே கசிவு. இந்தத் திரவம் தீப்பிடிக்கும். சூடான சைலன்சர் மேல் படவே கூடாது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வி-ட்வின் (இரட்டை சிலிண்டர்) இன்ஜின்களில் இரண்டு ஹெட்டுக்கும் போகும் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டில் ஒரு பக்கம் மட்டும் கசிந்து, அந்த சிலிண்டர் மட்டும் லீன் ஆவது சகஜம்.

கடைசியில்தான் கார்புரேட்டர். கிண்ணத்தை இறக்கி, அடியில் வெள்ளைப் பொடியோ பச்சைப் பிசினோ இருக்கிறதா பாருங்கள். மெயின் ஜெட், அதற்கு மேலே பக்கவாட்டில் துளைகளுள்ள குழாய், பிறகு ஐடில் ஜெட் என்று வரிசையாகச் சுத்தம் செய்யுங்கள். ஐடில் ஜெட்டின் துளைதான் மிகச் சிறியது, முதலில் அடைப்பதும் அதுதான். துளைகளில் இரும்புக் கம்பி விடாதீர்கள்; பித்தளை கீறினால் அளவு மாறிவிடும். மெல்லிய நைலான் இழை அல்லது ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை போதும். பின்பு காற்றழுத்தத்தால் ஊதி, எதிர்ப்பக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். புதிய கேஸ்கெட்டுகளோடு மாட்டுங்கள். ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்று விற்கும் மலிவான கார்புரேட்டரைப் பதிலுக்கு மாட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு: ஜெட் அளவு உங்கள் இன்ஜினுக்கானதாக இல்லாமல் போனால், அடைப்பே இல்லாமல் லீனாக ஓடும். பழையது உடைந்திராத வரை அதைச் சுத்தம் செய்வதே மேல்.

கரும்புகை, பெட்ரோல் நாற்றம், சைலன்சரில் மந்தமான வெடிகள்

ரிச். அழுக்கேறிய ஏர் ஃபில்டரை எடுத்துத் தட்டிப் பாருங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள். சோக் கம்பி முழுதும் திறக்கிறதா என்பதை நெம்புகோலை வைத்து முடிவு கட்டாமல், கார்புரேட்டரின் வாயில் இருக்கும் தகட்டையே கண்ணால் பாருங்கள். கேபிள் கிளிப் கொஞ்சம் நழுவினாலும் தகடு பாதி மூடியே நிற்கும்.

இரண்டும் சரி என்றால், கிண்ணத்துக்குள் வரும் பெட்ரோலை அடைக்கும் ஃப்ளோட் ஊசி கசிகிறது. இதில் வெடிச் சத்தத்தைவிட ஆபத்தான ஒன்று உண்டு. ஆயில் அளவு குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். அளவு கூடி, பெட்ரோல் வாடை அடித்தால், இரவெல்லாம் பெட்ரோல் சிலிண்டர் வழியாக ஆயிலில் இறங்கியிருக்கிறது. ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். சிலிண்டரில் பெட்ரோல் நிறைந்திருந்தால் கனெக்டிங் ராடே வளையலாம். ஊசியையும் அதன் இருக்கையையும் மாற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே ஓட்டுங்கள். முன்பு சொன்ன பெட்ரோல் பம்பின் சவ்வு கிழிந்தாலும் ஆயிலில் பெட்ரோல் சேரும், அதனால் பம்பையும் சேர்த்தே பாருங்கள். நிறுத்தி வைக்கும்போது பெட்ரோல் குழாயை மூட ஒரு வால்வு இல்லாத வண்டிக்கு, ஒன்று பொருத்திவிடுவது புத்திசாலித்தனம்.

ஸ்டார்ட் செய்யும்போது எதிர்ப்பக்கம் உதைத்து, கார்புரேட்டரில் வெடிக்கிறது

ஸ்டார்ட்டர் சுற்றும்போது இன்ஜின் ‘டக்’ என்று திருப்பி அடித்தால், பிஸ்டன் மேலே வருவதற்கு வெகு முன்பே பொறி விழுகிறது. இந்த இன்ஜின்களில் டைமிங்கைத் திருப்பி அமைக்க எந்த ஏற்பாடும் கிடையாது. ஃப்ளைவீலில் பதித்த காந்தம் காயிலைக் கடக்கும் நேரத்தில் பொறி விழும், அவ்வளவுதான். ஃப்ளைவீல் கிராங்க் தண்டின் மேல் சரியான இடத்தில் உட்கார்ந்திருப்பதை உறுதி செய்வது ஒரு சின்ன உலோகச் சாவி (ஸ்டார்ட் செய்யும் சாவி அல்ல, பள்ளத்தில் செருகும் ஆப்பு). பல இன்ஜின்களில் அது வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில் செய்யப்பட்டிருக்கும். 25 மி.மீ. தண்டில் அது 1 மி.மீ. நழுவினாலே டைமிங் நாலரை டிகிரி மாறிவிடும்.

கையால் தள்ளும் புல்வெட்டியில் பிளேடு நேராகத் தண்டில் இருப்பதால் கல்லில் பட்டதும் இந்தச் சாவி நறுங்கும். ரைடிங் வண்டியில் பிளேடு பெல்ட்டில் ஓடுவதால் அப்படி நேர்வது குறைவு. இங்கே பெரும்பாலும் ஃப்ளைவீல் நட்டு சரியாக இறுகாததுதான் காரணம். முன்பு யாராவது ஃப்ளைவீலைக் கழற்றி மாட்டியிருந்தால் முதல் சந்தேகம் இங்கேதான்.

மேல் உறையையும் ஃப்ளைவீல் நட்டையும் கழற்றினால், ஃப்ளைவீலை எடுக்காமலே சாவிப் பள்ளங்கள் இரண்டும் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று தெரியும். சந்தேகமாக இருந்தால் புல்லர் போட்டுக் கழற்றுங்கள். சுத்தியலால் விளிம்பில் தட்டினால் காந்தம் உடையும் அல்லது குளிரூட்டும் விசிறிப் பற்கள் போகும். சாவியின் பக்கவாட்டில் படிபோல ஒரு தழும்பு தெரிந்தாலே மாற்றுங்கள். தண்டின் சாய்வான பகுதியையும் ஃப்ளைவீல் துளையையும் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, உலர்வாகப் பொருத்துங்கள். ஃப்ளைவீலை உண்மையில் பிடித்திருப்பது அந்தச் சாய்வின் இறுக்கம். சாவி இடத்தைக் காட்டுவதற்கு மட்டும். அதனால் டார்க் ரெஞ்சில், கையேடு சொல்லும் அளவுக்கு நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும் அளவுகள் இன்ஜினுக்கு இன்ஜின் வெகுவாக மாறும், குத்துமதிப்பு வேண்டாம்.

திருப்பி மாட்டும்போது காயில் இடைவெளியையும் பாருங்கள். பெரும்பாலான இன்ஜின்களுக்கு 0.2 முதல் 0.35 மி.மீ. வரை. காந்தத்தைக் காயிலுக்கு நேராகக் கொண்டுவந்து, நடுவில் ஃபீலர் கேஜ் வைத்து, காந்தமே காயிலை இழுத்துக்கொள்ளவிட்டு போல்ட்டுகளை இறுக்குங்கள்.

திருப்பி உதைப்பதற்கு இன்னொரு எளிய காரணமும் உண்டு: பலவீனமான பேட்டரி. ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால், மேலே வரும் பிஸ்டனைப் பொறி எளிதில் பின்னுக்குத் தள்ளிவிடும். ஃப்ளைவீலைக் கழற்றும் முன் பேட்டரியையும் அதன் முனைகளையும் ஒருமுறை பாருங்கள்.

வி-ட்வின் இன்ஜினில் விடாத வெடி, வலு குறைவு

ஒரு சிலிண்டர் செத்திருக்கிறது. அது தள்ளும் பச்சைப் பெட்ரோலை மற்றதன் சூடு பற்றவைக்கிறது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஓடவிட்டு, இரண்டு எக்ஸாஸ்ட் குழாய்களின் சூட்டையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பாருங்கள். குறைவாகக் காட்டுவது செத்த பக்கம்.

பிளக்குகளை இடம் மாற்றிப் போடுங்கள். பழுதும் கூடவே இடம் மாறினால் பிளக்தான். பல இன்ஜின்களில் அதன் இடைவெளி 0.76 மி.மீ. மாறாவிட்டால் ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிப் பொறியைப் பாருங்கள். பிளக் கம்பியைக் காற்றில் தொங்கவிட்டு ஓட்டினால் காயில் உள்ளுக்குள் எரிந்துபோகலாம். எப்போதும் டெஸ்டரை எர்த்தில் சேர்த்தே பாருங்கள்.

பொறி இல்லை என்றால் உடனே காயில் வாங்க ஓடாதீர்கள். இரண்டு காயில்களின் எர்த் கம்பிகளும் ஓரிடத்தில் சேரும். ஒன்றின் மின்னோட்டம் மற்றதற்குள் புகாமல் இருக்கப் பல வி-ட்வின்களில் அந்தக் கம்பியில் டயோடுகள் இருக்கும். ஒரு டயோடு கெட்டால் காயில் நன்றாக இருந்தும் பொறி வராது. கம்பியைக் காயில் முனையிலேயே கழற்றிவிட்டுப் பாருங்கள். பொறி வந்தால் டயோடு உள்ள ஒயர் தொகுப்பை மாற்றினால் போதும்.

அரை மணி நேரம் ஓடிச் சூடானால் மட்டும்

டேங்க் மூடியை மேலே சொல்லியாயிற்று. அது இல்லை என்றால் சூடானதும் உள்சுற்று அறுந்துபோகும் காயில். ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல ஓடும். ஆகவே வெடிக்கும் அந்த நேரத்திலேயே ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிப் பார்த்தால்தான் பிடிபடும். ஆறவிட்டுப் பார்த்துப் பயனில்லை. கூடவே உறையைக் கழற்றி, சிலிண்டரைச் சுற்றிய குளிரூட்டும் தகடுகளுக்கு இடையே புல் அடைத்திருக்கிறதா பாருங்கள். காற்று போகாத இன்ஜினில் உள்ளே படிந்த கரி கனன்று, பொறி விழும் முன்பே கலவையைப் பற்றவைக்கும். காயில் வெந்துபோவதற்கும் பல சமயம் இதே புல்தான் மூலகாரணம். புதிய காயிலை மாட்டிவிட்டுப் புல்லை விட்டுவைத்தால் அதுவும் போகும்.

த்ராட்டிலை இறக்கும்போது மட்டும் பட பட

எக்ஸாஸ்ட் கேஸ்கெட் கசிந்து வெளிக்காற்று சைலன்சருக்குள் இழுபடுகிறது. ஹெட்டோடு சேரும் இடத்தில் கருமையாகக் கரி வடிந்திருக்கும். போல்ட்டுகளை இறுக்கி, கேஸ்கெட்டை மாற்றுங்கள். கசிவு இல்லாவிட்டால் ஐடில் ஜெட் அடைப்பு.

பெட்ரோலும் பொறியும் சரி, ஆனாலும் வெடிப்பு நிற்கவில்லை

இனி மீதமிருப்பது வால்வு. இன்டேக் வால்வு முழுதும் மூடாவிட்டால் தீ கார்புரேட்டருக்கு வரும். எக்ஸாஸ்ட் மூடாவிட்டால் சைலன்சருக்குப் போகும். இன்ஜின் முழுதும் ஆறிய பிறகு வால்வு மூடியைக் கழற்றுங்கள். புஷ் ராட் வளைந்திருக்கிறதா, ராக்கர் தளர்ந்து நழுவியிருக்கிறதா, ஒரு வால்வு மட்டும் மற்றதைவிடக் குறைவாக எழும்புகிறதா என்று ஃப்ளைவீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். குறைவாக எழும்பினால் கேம் தேய்மானம். அது இன்ஜினைப் பிரிக்கும் வேலை.

இடைவெளி அளக்கும்போது ஒரு நுணுக்கம். எளிதாக ஸ்டார்ட் ஆவதற்காக, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் ஒரு வால்வைச் சற்றே தூக்கிப் பிடிக்கும் ஏற்பாடு கேமில் இருக்கும். பிஸ்டன் உச்சியில் அப்படியே நிறுத்தி அளந்தால் தவறான கணக்கு வரலாம். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனின் பல ஒற்றை சிலிண்டர் இன்ஜின்களில் உச்சியைத் தாண்டி பிஸ்டன் 6 மி.மீ. அளவு கீழிறங்கிய இடத்தில் அளக்க வேண்டும். பிளக் துளையில் ஒரு மரக்குச்சியை விட்டுப் பார்த்தால் தெரியும். இன்டேக் 0.1 மி.மீ. சுற்றிலும், எக்ஸாஸ்ட் 0.15 மி.மீ. சுற்றிலும் இருப்பது வழக்கம்; சரியான எண்ணுக்குக் கையேட்டைப் பாருங்கள். இடைவெளி மிகவும் கூடிவிட்டால் அந்தக் கம்ப்ரஷன் குறைப்பு வேலை செய்யாது. ஸ்டார்ட்டர் திணறும், திருப்பி உதைக்கும். அதை ஃப்ளைவீல் சாவிப் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். கோலர் கமாண்ட் வரிசையின் பல இன்ஜின்களில் ஹைட்ராலிக் லிஃப்டர் இருப்பதால் இந்த அளவை வைக்கும் வேலையே இல்லை.

இடைவெளி சரியாக இருந்தும் வால்வு மூடுகிறதா என்று சந்தேகம் இருந்தால் கம்ப்ரஷன் மீட்டரை விட லீக்-டவுன் சோதனை நம்பகமானது; கம்ப்ரஷன் குறைப்பு மீட்டரை ஏமாற்றும். இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் கிராங்கை அசையாமல் பிடித்து, பிளக் துளை வழியே காற்றழுத்தம் கொடுங்கள். கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங் அல்லது புஷ் ராட் பக்கம் ஊதிப்போன ஹெட் கேஸ்கெட். வால்வு தண்டில் பிசின் ஏறி ஒட்டிக்கொள்வது, நெடுநாள் கிடந்த வண்டிகளில் வருவது. வால்வைக் கழற்றித் தண்டையும் கைடையும் சுத்தம் செய்தால் தீரும். விளிம்பு எரிந்த வால்வைக் கடைய வேண்டும் அல்லது மாற்ற வேண்டும்.

எந்தப் பழுதைச் சரிசெய்தாலும், ஓட்டிப் பார்க்கும் முன் சைலன்சரைக் கழற்றிக் குலுக்குங்கள். உள்ளே ஏதாவது கலகலத்தால் தடுப்புத் தகடு உடைந்திருக்கிறது. அது வாயை அடைத்து இன்ஜினைச் சூடாக்கும்; பிளந்த தையல் வழியே தீப்பொறி புல்லில் விழும். அப்படிப்பட்ட சைலன்சரை வெல்டிங் வைத்து ஒப்பேற்றாமல் புதிதாக மாற்றிவிட்டு, பிளேடு போட்டுப் பத்து நிமிடம் பளுவில் ஓட்டி, கையேடு சொன்ன முறையில் அணைத்துப் பாருங்கள்.